மல்லாட்டைப் பூசணம்: எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை?

"மருந்தே அடிக்கிறதில்லை, நம்ம மல்லாட்டையில என்னங்க நஞ்சு?" செஞ்சி கமிட்டியில் மூட்டையோடு நின்ற நண்பர் கேட்டார். இருக்கிறது. அஃப்ளடாக்சின் என்று பேர். ஆஸ்பெர்ஜில்லஸ் என்கிற பூசணம் சுரப்பது. 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்கு தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் செத்தபோதுதான் உலகம் இதைக் கண்டுகொண்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி ஊர்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

அது அதிக அளவு. தினம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால்? பொதுவாக ஒரு நஞ்சுக்கு, 'இதுவரை உடம்பு தாங்கும்' என்று கோடு போடலாம். இது அப்படியில்லை. கல்லீரலில் உருமாறி டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் செல்லே அதைச் சரிசெய்துவிடும். சரியாகாமல் செல் பிரிந்தால் பிழை நிலைத்துவிடும். அது புற்றை அடக்கும் பி53 மரபணுவில் விழுந்தால் வினைதான். ஒரு பிழை மட்டும் போதாது, பல சேர வேண்டும், உண்மை. ஆனால் எந்த அளவுக்குக் கீழே ஆபத்து பூஜ்யம் என்று காட்ட முடியவில்லை. அதனால்தான் உலக நிபுணர் குழு தினசரி அனுமதி அளவு எதுவும் தராமல், முடிந்தவரை குறைக்கச் சொன்னது. ஹெபடைட்டிஸ் 'பி' கிருமி உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் 30 மடங்கு என்றும் கணக்கிட்டது.

அப்போ கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்கிற கோடெக்ஸ் எல்லை? ஐரோப்பாவில் நேரடியாகத் தின்னும் கடலைக்கு 4தான். நஞ்சு ஒன்று, உடம்பும் ஒன்று! உழவனால் எட்ட முடிகிறதா, வியாபாரம் நடக்குமா என்றும் பார்த்துப் போட்ட எண்கள் இவை. வங்கியில் எண்களோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன்: எல்லைக்குள் இருப்பது வேறு, நட்டமே இல்லாதது வேறு.

கடைசி மூன்று நாலு வாரம் காயவிடாமல் ஒரு உயிர்த்தண்ணீர் கொடுங்கள். களை வெட்டும்போது காயில் வெட்டு விழக்கூடாது. பறித்த செடியைக் குவிக்காமல் உடனே உலர்த்துங்கள். காயைக் குலுக்கினால் கலகலக்க வேண்டும். ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே. தோல் உரிக்கத் தண்ணீர் தெளிக்கவே தெளிக்காதீர்கள். சுருங்கியது, நிறம் மாறியதைப் பொறுக்கிவிட்டாலே நஞ்சில் பெரும்பகுதி போய்விடும்.

பொறுக்கினதைச் செக்குக்குப் போடுவதுதான் நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். செக்கெண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை, நஞ்சில் ஒரு பங்கு அதிலேயே தங்கும். மிச்சம் புண்ணாக்கு வழியாக மாட்டுக்கு, அங்கிருந்து பாலுக்கு. வறுத்தாலும் முழுக்க அழியாது. மாடு, கோழி கிளறாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.