இலவச 100 யூனிட் வீணாகாமலிருக்க

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தைச் சர்க்கார் இலவசமாக அளித்துவந்தபோதிலும், அந்தச் சகாயத்தின் பூரண பிரயோஜனம் எளிய குடும்பங்களுக்குக் கிட்டுவது, பெரும்பாலும், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியைப் பொறுத்தே இருக்கிறது. 75 வாட் பழைய விசிறி தினம் 15 மணி நேரம் ஓடினால், அதுவொன்றே இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல் விழுங்கிவிடும். 30 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறிக்கோ 27 யூனிட்டே போதும். விலை சற்று அதிகமாயினும் தயங்காமல் வாங்கலாம்.

ஃபிரிட்ஜ் வாங்குவோர் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், லேபிளில் அச்சிட்டிருக்கும் வருஷாந்தர யூனிட் கணக்கையும் அவசியம் பார்க்க வேண்டும்.

சொந்தக் கூரையுள்ளவர்கள், மத்திய சர்க்கார் 2024-இல் ஆரம்பித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தின்படி சோலார் தகடு அமைத்தால், 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் வங்கிக் கணக்குக்கே வந்து சேரும். உதவி அதிகமாக வேண்டியிருக்கும் வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு இவ்வழி அநேகமாக அடைபட்டிருப்பது நியாயமன்று. சர்க்கார் இதைச் சிந்தித்தே ஆகவேண்டும். மின் இணைப்பு இன்னும் காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே இருக்குமானால், சோலார் மானியத்துக்கு விண்ணப்பிக்குமுன் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்வது உத்தமம்.