ஆயில் மாற்ற வரும் வண்டி: பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பிகளுக்கு

1. வண்டி உள்ளே வந்ததும் மீட்டரைப் பார்க்கும் முன் ஓட்டுகிறவரிடம் பேசுங்கள். தினமும் எவ்வளவு தூரம், எந்த மாதிரிச் சாலை, ஒரு தடவை கிளப்பினால் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள். இது தெரியாமல் ஆயிலுக்குத் தவணை சொல்ல முடியாது. இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்றுதான் போட்டிருக்கும். வருடக் கணக்கைப் பலர் படிப்பதே இல்லை.

2. குறைவாக ஓடும் வண்டியைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகிப் புகையோடு போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி சம்புக்குள் இறங்கும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். திருச்சியிலிருந்து மதுரைக்கு ஓடும் வண்டியில் ஆயில் நன்றாகச் சூடேறி இந்த ஈரத்தை விரட்டிவிடும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டரில் வீடு திரும்பும் வண்டியில் அது நடக்காது. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்திருக்கலாம். அது காட்டுவது கூலன்ட்டின் சூடு. ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும். அதனால், “வருஷத்துக்கு மூவாயிரம்தாண்ணே ஓடுது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்பவருக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். குறுந்தூர ஓட்டம், நெரிசல், புழுதி ஆகியவற்றுக்குப் பல கையேடுகளில் தனி அட்டவணையே உண்டு. பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள், நம்புவார்.

3. ஆயில் கறுத்துவிட்டது என்பதற்காக மாற்றச் சொல்லாதீர்கள். டீசல் வண்டியில் புது ஆயில் சீக்கிரமே கறுக்கும். கரியைத் தன்னுள் பிடித்துவைப்பது அதன் வேலை. பால் கலந்த காபி நிறம் வந்தால்தான் பயப்பட வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக இருந்தால் மேலே சொன்ன ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் கூலன்ட் கலக்கிறதா, ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று பார்க்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது.

4. ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சின் ஆயில் இல்லாமல் காய்ந்துவிடக் கூடாது என்று பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். அதன்பிறகு வடிகட்டாத ஆயில் அப்படியே பேரிங்குக்குப் போகும். வண்டி வழக்கம்போல் ஓடும், விளக்கு எரியாது, ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குக் கவலை தருவது இந்தத் தேய்மானம்தான். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். அது எஞ்சினில் ஒட்டியிருந்து மேலே புதுசைப் பூட்டினால் ஆயில் மொத்தமும் சாலையில் கொட்டும். புது வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையாலேயே முடுக்குங்கள். வளையம் ஒட்டியபின் பெரும்பாலான ஃபில்டர்களுக்கு முக்கால் சுற்றுப் போதும். அளவு டப்பா மேலேயே அச்சிட்டிருக்கும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாசர் போடுங்கள்.

5. “நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயிலா ஊத்துங்க” என்பார்கள். 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றாதீர்கள். வால்வு டைமிங்கை மாற்றும் பாகமே பல வண்டிகளில் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. துகள் வடிகட்டி உள்ள பிஎஸ்-6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். கையேட்டில் உள்ள கிரேடுதான் கணக்கு.

6. அளவு மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். ஊற்றி, எஞ்சினைச் சிறிது ஓட்டி, நிறுத்திச் சில நிமிடம் கழித்துச் சமதரையில் பாருங்கள்.

7. வேலிக் கம்பத்தில் கரையானுக்குப் பூச என்று பழைய ஆயிலைக் கேட்டு வருவார்கள். தெரிந்தவராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். தனிக் கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் மட்டும் ஒப்படையுங்கள். அதில் புற்றுநோய் தரும் பொருள்கள் இருப்பதால் கையுறை இல்லாமல் டிரெயின் போல்ட்டைத் தொடாதீர்கள்.