திரவ அமுக்கத்தின் பிரயோகம்: கசியும் பிறேக் கலிப்பரைத் திருத்துதல்



பிறேக் எண்ணெயின் மட்டம் குறைந்திருப்பதற்குக் காரணம் கேட்டால், "பாவித்து முடிந்துவிட்டது" எனப் பலர் எழுதுவர். இது தவறு. பெற்றோலைப் போல பிறேக் எண்ணெய் எரிந்து தீர்வதில்லை. அது மூடிய தொகுதியினுள் அடைபட்டிருக்கும் திரவம். ஆகவே மட்டம் குறைவதற்கு இரு காரணங்களே உண்டு.

1. பிறேக் பேட்கள் தேய்ந்து, முசலம் முன்னே நகர்ந்திருத்தல்.
2. எங்கோ கசிவு இருத்தல்.

இரண்டாவது காரணத்தை நாற்சில்லு வாகனமான குவாட் பைக்கை உதாரணமாகக் கொண்டு படிப்போம். நியூசிலாந்து, அவுஸ்திரேலியப் பண்ணைகளில் மந்தைகளைப் பார்க்கவும் வேலிகளைச் சீர்செய்யவும் இவ்வாகனம் பயன்படுகிறது. சேற்றிலும் நீரிலும் ஓடுவதால் இதன் கலிப்பர் விரைவில் பழுதடையும். பிறேக் விடுபட்டால் மலைச்சரிவில் இறங்குபவரின் உயிருக்கே ஆபத்து.

1. அடிப்படைத் தத்துவம்

மூடிய கொள்கலமொன்றில் ஓய்விலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் பிரயோகிக்கப்படும் அமுக்கம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் ஊடுகடத்தப்படும். இது பிரான்சிய அறிஞர் பிளேய்ஸ் பஸ்காலின் (1623–1662) தத்துவமாகும்.

அமுக்கம் = விசை ÷ பரப்பளவு

*உதாரணம்:* பிரதான உருளையின் முசலப் பரப்பளவு 1.5 சதுர சென்ரிமீற்றர். பிறேக் பிடியை அழுத்தும்போது அம்முசலத்தில் 300 நியூற்றன் விசை தாக்குகிறது. கலிப்பர் முசலத்தின் பரப்பளவு 8 சதுர சென்ரிமீற்றர்.

அமுக்கம் = 300 ÷ 1.5 = சதுர சென்ரிமீற்றருக்கு 200 நியூற்றன் (20 இலட்சம் பஸ்கால்)
கலிப்பர் முசலத்தின் மீதான விசை = 200 × 8 = 1600 நியூற்றன்

விசை பெருகினாலும் சக்தி பெருகுவதில்லை. இந்த ஒரு கலிப்பர் மட்டும் இணைந்திருப்பின், அதன் முசலம் 1.5 மில்லிமீற்றர் நகர, பிரதான முசலம் 8 மில்லிமீற்றர் நகர வேண்டும். இடம்பெயரும் திரவத்தின் கனவளவு இரு பக்கமும் 1.2 கன சென்ரிமீற்றரே. இவ்வளவு சிறிய கனவளவில் வேலை நடப்பதால், சிறு கசிவும் பெரும் பாதிப்பைத் தரும். முன் சில்லுகள் இரண்டும் ஒரே பிரதான உருளையுடன் இணைந்திருந்தால், ஒரு கலிப்பர் கசிய மற்றதிலும் அமுக்கம் குறையும்.

2. கசிவுக்கான காரணங்கள்

- முசலத்தைச் சுற்றியுள்ள சதுர வெட்டுமுக இறப்பர் வளையம் தேய்தல் அல்லது இறுகிப்போதல். பிறேக் பிடியை விட்டதும் முசலத்தைச் சற்றுப் பின்னிழுப்பதும் இவ்வளையமே. இது பழுதானால் கசிவதுடன் சில்லு இறுகவும் கூடும்.
- தூசு காப்பு வளையம் கிழிந்து, சேற்றுநீர் புகுந்து, முசலத்தில் துருக்குழிகள் உண்டாதல்.
- குழாய் இணைப்பிலுள்ள செப்பு வொஷர்கள் நசிந்திருத்தல்.
- காற்று வெளியேற்றும் ஆணி சரியாக இறுக்கப்படாதிருத்தல்.

ஆகவே கழற்றுமுன் கலிப்பரைத் துடைத்து உலர்த்தி, பிடியை அழுத்தி, ஈரம் முதலில் எங்கே தோன்றுகிறது எனப் பார்க்க வேண்டும். வொஷர் மாற்றினால் போதுமான இடத்தில் முழுக் கலிப்பரையும் மாற்றுவது வீண் செலவு.

3. திருத்துவதா, மாற்றுவதா?

முசலமும் உருளையின் உட்சுவரும் வழுவழுப்பாக இருந்தால் புதிய வளையங்கள் போதும். முசலத்தில் மட்டும் குழிகள் இருந்தால் முசலத்தையும் வளையங்களையும் மாற்றலாம். உட்சுவர் அரித்திருந்தால், உடலில் வெடிப்பு இருந்தால், அல்லது ஆணியின் புரி அழிந்திருந்தால் கலிப்பரையே மாற்ற வேண்டும். துருக்குழியுள்ள முசலம் புதிய வளையத்தையும் விரைவில் கெடுத்துவிடும்.

4. செய்முறை ஒழுங்கு

1. வாகனத்தைச் சமதரையில் தாங்கியில் உறுதியாக நிறுத்திச் சில்லைக் கழற்றுக. கண்காப்பு அணிக.
2. கலிப்பரைக் கழற்றிப் பேட்களை அகற்றுக. குழாயைக் கழற்றுமுன் பிறேக் பிடியை மெதுவாக அழுத்தி முசலத்தை வெளியே எடுக்க. விரல்களை முசலத்தின் முன்னே வைக்கக் கூடாது.
3. குழாயைக் கழற்றி, பழைய வளையங்களை மர அல்லது பிளாஸ்ரிக் குச்சியால் எடுக்க. திருகாணிச் செலுத்தி சுவரைக் கீறும்.
4. பாகங்களைப் புதிய பிறேக் எண்ணெயால் அல்லது பிறேக் சுத்திகரிப்பானால் கழுவுக. பெற்றோல், மண்ணெண்ணெய் ஆகியன இறப்பரை வீங்கச் செய்யும்.
5. புதிய வளையங்களில் பிறேக் எண்ணெய் தடவிப் பொருத்தி, முசலத்தைக் கையால் நேராகத் தள்ளுக.
6. எண்ணெயில் நனைந்த பேட்களை மாற்றுக. பிறேக் தட்டைச் சுத்தம் செய்க. கலிப்பரையும் குழாயையும், புதிய செப்பு வொஷர்களுடன், கைநூலில் தரப்பட்ட அளவுக்கு இறுக்குக.
7. தேக்கியின் மூடியில் குறிப்பிட்ட வகை எண்ணெயை (உதாரணம்: டொட் 4) புதிய போத்தலிலிருந்து நிரப்புக. இவ்வெண்ணெய் வளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் கொதிநிலை குறையும்.
8. காற்றை வெளியேற்றுக: பிடியை அழுத்திப் பிடிக்க – ஆணியைத் திறக்க – ஆணியை மூட – பிடியை விடுக. குமிழிகள் நிற்கும் வரை திரும்பச் செய்க. இடையில் தேக்கி வெறுமையாகக் கூடாது.
9. பிடியை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்து, கசிவு உண்டா எனப் பார்க்க. சில்லைப் பூட்டிய பின் சமதரையில் குறைந்த வேகத்தில் பரீட்சிக்க.

நினைவிற் கொள்க: எண்ணெய் குறையும்போதெல்லாம் மேலே ஊற்றுவது திருத்தம் ஆகாது. அது பழுதை மறைக்கும் செயல். உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் தட்டு பிறேக் இருந்தால் அதற்கும் இது பொருந்தும்.

5. பயிற்சி வினாக்கள்

(அ) தொகுதியில் காற்றுக் குமிழிகள் இருந்தால் பிறேக் பிடி மென்மையாவது ஏன்?
(ஆ) மேலுள்ள உதாரணத்தில் கலிப்பர் முசலத்தின் பரப்பளவு 6 சதுர சென்ரிமீற்றர் எனின், அதன் மீதான விசை யாது?
(இ) காற்று வெளியேற்றும்போது ஆணியை மூடுமுன் பிடியை விட்டால் என்ன நிகழும்?

விடைகள்

(அ) வாயு எளிதில் நெருக்கப்படும், திரவம் அவ்வாறன்று. எனவே பிடியின் அசைவு குமிழியை நெருக்குவதில் செலவாகி, போதிய அமுக்கம் உண்டாவதில்லை. ("வாயு நெருக்கப்படும்" என்பதை எழுதத் தவறாதீர்கள்.)
(ஆ) 200 × 6 = 1200 நியூற்றன்.
(இ) பிரதான முசலம் பின்னே வரும்போது அமுக்கம் குறைந்து, வெளிக்காற்று ஆணியின் வழியே மீண்டும் உட்புகும்.