அம்மம்மாவுக்கு மோட்சம் உண்டோ?



கரம்பொன் போன்ற தீவக ஊர்களில் சைவ வீடும் கத்தோலிக்க வீடும் ஒரே வேலிக்கு இருபுறமும் இருப்பதுண்டு. ஆகவே அன்பியக் கூட்டத்தில் ஒருநாள் யாராவது கேட்கத்தான் செய்வார்: "சைவமாய் இருந்து செத்த என்ர அம்மம்மாவுக்கு மோட்சம் கிடைச்சிருக்குமோ?" அடுத்த செபத்துக்குத் தாவிவிடாதீர்கள்.

திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்பது பழைய போதனை. கத்தோலிக்கர் அல்லாதார் அனைவரும் கெட்டார் என்று அதற்குப் பொருள் கொண்டார் பொஸ்டன் நகர்க் குரு லெனார்ட் பீனி. அப்பொருள் தவறென 1949இல் உரோமை அறிவித்தது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்தும் நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனச்சாட்சிப்படி நடப்போர் மீட்படையலாம் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகளார் (1913-1980) சங்கப் புலவரையும் வள்ளுவரையும் உலகறியச் செய்த குரு என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

"அருளின் தூண்டுதலால்" என்பதைக் கவனியுங்கள். அம்மம்மா தம் நற்செயலால் மோட்சத்தை விலைக்கு வாங்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற நாமும் வாங்கவில்லை. நம் முன்னோர் அருளை வரப்பிரசாதம் என்றனர். பிரசாதம் கூலியன்று, கையேந்திப் பெறுவது.

எல்லாரும் தப்பாமல் மீட்படைவர் என்று திருச்சபை சொல்லவில்லை. அருளை மறுக்கவும் மனிதனுக்குச் சுதந்திரமுண்டு. ஆனால் எல்லாரும் மீட்படைவதே கடவுளின் விருப்பம் என்கிறார் பவுல் (1 தீமோ 2:4). நான்காம் நற்கருணை மன்றாட்டில், இறைவன் ஒருவரே அறிந்த விசுவாசத்தோடு இறந்தோருக்காகவும் குரு வேண்டுகிறார். அவ்வேளை அம்மம்மாவின் பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம்.