சில தளங்கள் மட்டும் திறக்கலையா? அக்கா சொல்றேன், கேளு

யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் வருகிறது, ஆனால் வங்கித் தளமோ கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி போர்ட்டலோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பெங்களூரில் பிஜி-யில் தங்கி வேலை பார்க்கும் தங்கச்சிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். உடனே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எஸ்.பி. ரோட்டு ரிப்பேர் கடைக்குப் போகாதே. கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: உன் லேப்டாப், உனக்கு வரும் நெட் லைன், அந்தத் தளம். முதலில் அதைப் பிரித்துக்கொள்.

பிஜி வைஃபையை விட்டுவிட்டு, போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைச் சேர்த்து அதே தளத்தைத் திற. வந்துவிட்டால் சிக்கல் வைஃபை லைனில். வரவில்லையா, போனிலேயே மொபைல் டேட்டாவில் திறந்து பார். போனில் வந்து லேப்டாப்பில் வரவில்லை என்றால் லேப்டாப்தான். எங்குமே வரவில்லை என்றால் பெரும்பாலும் தளமே படுத்திருக்கும். 2025 ஜனவரியில் அந்தக் காவேரி 2.0 அப்படித்தான், போலிக் கோரிக்கைகளைக் கொட்டிய தாக்குதலில் முடங்கியது. அந்த நேரத்தில் வில்லங்கச் சான்று கேட்டவர் தன் லேப்டாப்பில் எதை மாற்றினாலும் பயன் இருந்திருக்காது.

லேப்டாப் என்று தெரிந்தால், இன்காக்னிட்டோ ஜன்னலில் திற. அதில் வருகிறது என்றால் பழைய குக்கீயோ ஏதாவது எக்ஸ்டென்ஷனோ தடுக்கிறது. விளம்பரத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன்கள் பணம் கட்டும் பக்கத்தையும் சேர்த்து முடக்குவது உண்டு. ஒவ்வொன்றாக அணைத்துப் பார். குக்கீயை அழிக்கும்போது அந்த ஒரு தளத்துக்கு உரியதை மட்டும் அழி.

‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வந்தால் முதலில் தேதியைப் பார்ம்மா. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உன் லேப்டாப் இன்னும் 2015-லேயே இருந்தால் பிரவுசர் நம்ப மறுக்கும். அணைத்துப் போடும் ஒவ்வொரு தடவையும் தேதி பின்னால் போகிறதென்றால், மதர்போர்டில் இருக்கும் சின்னப் பேட்டரி தீர்ந்திருக்கும். அப்போது எஸ்.பி. ரோட்டுக்குப் போ, மாற்றித் தருவார்கள். ரொம்பப் பழைய கணினி என்றால் வேறு காரணமும் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதுப்பிக்காத கணினிகளில் பல தளங்கள் நின்றுபோயின. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-தான் கடைசி. அதில் ஃபயர்ஃபாக்ஸை முயன்று பார். தனக்கென்று சொந்தமாகச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருக்கும் பிரவுசர் அது. தேதி சரியாக இருந்தும் வங்கித் தளத்தில் இந்த எச்சரிக்கை வந்தால், ‘பரவாயில்லை, தொடர்’ என்பதை எக்காரணம் கொண்டும் அழுத்தாதே. பொது வைஃபையில் இருந்தால் உடனே வெளியே வந்துவிடு.

ஆபீஸ் லேப்டாப் என்றால் இன்னொன்று. கம்பெனி விபிஎன் ஓடும்போது நீ கோரமங்களாவில் உட்கார்ந்திருந்தாலும், தளத்துக்கு நீ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பதாகத் தெரியலாம். இந்திய அரசுத் தளங்கள் சில, வெளிநாட்டிலிருந்து வரும் இணைப்பை ஏற்பதில்லை. சொந்த வேலையை உன் போனில் பார். கம்பெனி வைத்த செட்டிங்கில் கை வைக்காதே.

லைனில் சிக்கல் என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர் அது. பிழைச்செய்தி ‘டிஎன்எஸ்’ என்று தொடங்கினால், பிரவுசரின் பாதுகாப்பு செட்டிங்கில் செக்யூர் டிஎன்எஸ்-க்குப் போய் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 அல்லது கூகுளின் 8.8.8.8 சேவையைத் தேர்ந்தெடு. பக்கம் திறக்கத் தொடங்கி அப்படியே நின்றுவிட்டால் ரவுட்டரில் எம்டியு அளவை, அதாவது ஒரு தரவுப் பாக்கெட்டின் உச்ச அளவைப் பார். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு இணையும் லைன்களில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் அந்த இணைப்பு முறைக்கே போய்விடும்; 1500 என்று இருப்பதை 1492 ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய பாக்கெட்டுகள் சிக்பேட் சந்துக்குள் நுழைந்த லாரி போல மாட்டிக்கொள்ளும். சிறியவை போய்விடுவதால்தான் சில தளங்கள் மட்டும் திறக்கின்றன.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு தளம் வரவில்லை என்றால், அது தடுக்கப்பட்டிருக்கலாம். 2025 பிப்ரவரி 15 மாலை விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. அதில் வந்திருந்த ஒரு சர்ச்சையான கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கினால் தடையை விலக்க வேண்டும் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பெங்களூரின் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி மையத்தைச் சேர்ந்தவர்கள் 6 நெட் நிறுவனங்களின் இணைப்புகளைச் சோதித்து ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லா நிறுவனமும் ஒரே தளங்களைத் தடுப்பதில்லை, ஒரே முறையில் தடுப்பதும் இல்லை என்று அதில் தெரிந்தது. பிரவுசர் கேட்கும் தளப் பெயரையே கவனித்துத் தடுக்கும் முறையும் உண்டு. அங்கே டிஎன்எஸ் மாற்றினாலும் திறக்காது. உன் தோழி லைனில் வருவது உன் லைனில் வராததற்கு இதுவும் ஒரு காரணம். வாசிக்கும் உரிமை உள்ளவளுக்கு ஏன் தடை என்று சொல்லப்படாமலே போவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஒரு தளம் தடுக்கப்பட்டிருக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். வீடியோ பார்க்க உதவும் விஎல்சி பிளேயரின் தளம் 2022-ல் பல மாதங்கள் இந்தியாவில் தடுக்கப்பட்டு, நவம்பரில்தான் திறந்தது. அந்த மாதிரி நேரத்தில் தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து அதை டவுன்லோட் செய்தால் வைரஸையும் சேர்த்து இறக்கிக்கொள்ள நேரலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், பிளே ஸ்டோர் போன்ற இடங்களில் அதே நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்று பார்த்து எடு.

நெட் கம்பெனிக்குப் புகார் செய்யும்போது தளத்தின் முழு முகவரி, நேரம், பிழைச்செய்தியின் ஸ்கிரீன்ஷாட், எந்த லைனில் வந்தது எதில் வரவில்லை என்ற விவரம் எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பு. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்.