திருக்காட்டுப்பள்ளி

காவிரியினின்றும் குடமுருட்டி பிரியுமிடத்தே, தஞ்சை மாவட்டத்தில் அமைந்துள்ளது திருக்காட்டுப்பள்ளி. காட்டினிடையே எழுந்த பள்ளியாதலின் இப்பெயர் பெற்றது என்பர். இன்று அங்குக் காடு இல்லை. நெல்வயல்களும் வாழைத்தோட்டங்களுமே உள்ளன. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய உழவர்தம் பெயர்களை நாம் அறியோம். அக்கழனிகளே அவர்க்குச் சான்று.

இவ்வூர் இறைவன் தீயாடியப்பர், வடமொழியில் அக்கினீசுவரர். அம்மை சௌந்தரநாயகி. எல்லாவற்றையும் எரிக்கும் பழி நீங்க அக்கினிதேவன் இங்கு வழிபட்டான் என்பது தலபுராணம். சம்பந்தரும் அப்பரும் பாடிய பதி இது. திருவெண்காட்டுக்கு அருகே இப்பெயர் பூண்ட மற்றோரூரும் உண்டு. அது கீழைத் திருக்காட்டுப்பள்ளி; இது மேலை. மாணவர் இரண்டனையும் ஒன்றென மயங்கலாகாது.

ஊரின் வாழ்வு ஆற்றையே சார்ந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் காவிரிக்கரை ஊர்களை அலைக்கழித்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் வெள்ளத்தின் கொடுமை தணிந்தது. ஆயினும் அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் குடமுருட்டி வெறும் மணலாய்க் கிடக்கும். நாற்றுவிட்ட உழவர் வானத்தையே நோக்கியிருப்பர். வெள்ளத்தினும் இவ்வறட்சியே கொடிது என்பது அவர் துணிபு.

அருகிலுள்ள பழமார்நேரியில் 1864இல் பிறந்தவர் சர் பி. எஸ். சிவசாமி ஐயர். சட்ட அறிஞராய், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் உயர்ந்தும் அவர் பிறந்த மண்ணை மறந்தாரல்லர். அவர் பொருளுதவி புரிந்து பேணிய திருக்காட்டுப்பள்ளிப் பள்ளிக்கூடம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. செல்வரிற் பலர் மாளிகை எழுப்பினர். அவையெல்லாம் யார் நினைவில் உள?

ஊருக்கு அணித்தே பூண்டி மாதா கோயில் உள்ளது. அதனை வீரமாமுனிவரோடு இயைத்துக் கூறுவது மரபு. 1999இல் அது பேராலயமாக உயர்த்தப்பெற்றது.