1,500 மணி என்னும் பிரமை

விமானப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோர் என்னிடம் யோசனை கேட்க வரும்போதெல்லாம், பேச்சின் நடுவே தவறாமல் ஒரு வாக்கியம் வந்து விழுகிறது: "கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கியதும் ஒரு வருஷம் இன்ஸ்ட்ரக்டராக இருந்தால் போதுமாம், சம்பளமும் கை நிறைய வருமாம், 1,500 மணியும் சேர்ந்துவிடுமாம், அப்புறம் ஏர்லைன்காரர்களே கூப்பிட்டு வேலை கொடுப்பார்களாம்." யார் சொன்னது என்று கேட்டால், ஏஜெண்டு என்பார்கள், தூரத்து உறவுக்காரப் பையன் என்பார்கள். இந்த வாக்கியத்தை நம்பிப் பெருந்தொகை கடன் வாங்கத் துணிகிறவர்கள், அது எந்தத் தேசத்துச் சட்டம், தம் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று ஒரு தடவையேனும் விசாரிப்பதில்லை என்பதுதான் எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

அது அமெரிக்காவின் சட்டம். 2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்து, அதிலிருந்த 49 பேரும் அவ்வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டார்கள்; உற்றாரைப் பறிகொடுத்த குடும்பங்களின் இடைவிடாத முயற்சியின் பயனாக அந்நாட்டுக் காங்கிரஸ் 2010இல் ஒரு சட்டம் இயற்றியது; அதுவரை 250 மணி அனுபவத்தோடு கோ-பைலட்டாகச் சேரலாம் என்றிருந்த நிலை மாறி, 2013 முதல் 1,500 மணி வேண்டும் என்றாயிற்று. ஆனால் விபத்துக்குள்ளான அந்த விமானத்தின் கேப்டனுக்கு 3,379 மணியும், அவருடைய துணை விமானிக்கு 2,244 மணியும் அனுபவம் ஏற்கெனவே இருந்தது என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் சொல்வதில்லை. வேகம் குன்றி விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்கும், தறுவாயில் எச்சரிக்கைக் கருவி கையை உலுக்கியபோது, முன்னே தள்ள வேண்டிய கட்டுப்பாட்டுக் கோலைக் கேப்டன் பின்னே இழுத்தார். மணிக்கணக்கு எவ்வளவு உயர்ந்தாலும், கற்றது மனத்தில் பதியாவிட்டால் பிரயோஜனமில்லை என்பதற்கு இதைவிடத் துயரமான சாட்சி வேண்டுமா? சட்டம் இயற்றியவர்கள் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் விளைவாக, புதிதாக லைசென்ஸ் பெற்ற அமெரிக்க இளைஞர்களில் பெரும்பாலோர், கற்பிக்க விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணி சேர்ப்பதற்காகவே ஆசிரியத் தொழிலில் புகும்படி நேர்ந்தது.

இந்தியாவில் நிலைமையே வேறு. இங்கே 200 மணி பறந்து கமர்ஷியல் லைசென்ஸ் பெற்றவர், குறிப்பிட்ட விமான வகைக்குரிய டைப் ரேட்டிங்கும் முடித்து, நிறுவனத்தின் தேர்விலும் தேறினால் கோ-பைலட்டாக அமரலாம். 1,500 மணி என்பது இங்கே கேப்டன் ஆவதற்கு வேண்டிய ஏடிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. இரண்டு தேசங்களிலும் ஒரே எண் வழங்குவதால், ஒன்றின் விதியை மற்றொன்றின் தலையில் ஏற்றிவிட்டார்கள். கோ-பைலட் ஆக இந்தியாவில் இன்ஸ்ட்ரக்டர் வேலை கட்டாயப் படியும் அல்ல, குறுக்கு வழியும் அல்ல. அதற்கென்று தனியே பயிற்சி பெற்று, முதலில் உதவிப் பயிற்றுநர் தகுதியும் பிறகு முழுப் பயிற்றுநர் தகுதியும் அடைய வேண்டும். அதற்கும் பணம் செலவாகும்.

"அப்படியானால் அமெரிக்காவிலேயே படித்து, அங்கேயே இன்ஸ்ட்ரக்டராக இருந்துவிடலாமே" என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. அந்நாட்டில் எஃப்-1 விசாவில் படித்தவருக்குப் படிப்பு முடிந்தபின் வேலை செய்யக் கிடைப்பது வழக்கமாக 12 மாதம். எம்-1 விசாவில் படித்தவருக்கு, படித்த 4 மாதத்துக்கு 1 மாதம் வீதம், மிஞ்சினால் 6 மாதம். 250 மணியோடு தொடங்குகிறவர் 1,500ஐ எட்ட 1,250 மணி வேண்டும். அதை 12 மாதத்தில் சேர்ப்பதானால் மாதந்தோறும் 104 மணி பறக்க வேண்டும், 6 மாதத்தில் என்றால் 208 மணி. பனி பொழியும், மூடுபனி இறங்கும், ஒவ்வொரு 100 மணிக்கும் விமானம் சோதனைக்காகக் கொட்டகைக்குள் போகும், மாணவனுக்குக் காய்ச்சல் வரும்; இவற்றையெல்லாம் எந்த ஏஜெண்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவ்வளவும் கடந்து 1,500ஐ எட்டினாலும், அதற்குள் 500 மணி தொலைதூரப் பயணமாகவும், 100 மணி இரவிலும், 75 மணி கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்ததாகவும், 50 மணி இரட்டை எஞ்சின் விமானத்திலும் அமைய வேண்டும். ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி மாணவனுக்கு இறங்கக் கற்பித்த மணிகள் மொத்தக் கணக்கில் சேருமே ஒழிய, இந்த உட்கணக்குகளை நிரப்பமாட்டா. அங்கே பெற்ற லைசென்ஸை இங்கே மாற்றிக்கொள்ள, இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வைக்கும் பரீட்சைகளை வேறு எழுத வேண்டும்.

இனி அந்தக் கை நிறையச் சம்பளம். மாணவன் தன் பில்லில் இன்ஸ்ட்ரக்டர் கட்டணம் என்று பார்க்கும் தொகை வேறு, அதில் பள்ளி எடுத்துக்கொண்டது போக இன்ஸ்ட்ரக்டரின் கைக்கு வருவது வேறு. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் கூலி மணிக்கணக்கில்தான். ஓடும் நேரத்தை அளக்க விமானத்தில் பொருத்தியிருக்கும் ஹாப்ஸ் மீட்டர் ஓடினால் கூலி, நின்றால் இல்லை. மணிக்கு 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம்; மாதம் 60 மணி பறந்தால் 1,800 டாலர், அதிலிருந்து வாடகையும் சாப்பாடும் இன்ஷூரன்ஸும் போக வேண்டும். காலை ஏழு மணி முதல் மாலை வரை பள்ளியிலேயே காத்திருந்து, காற்று அடங்காமையால் ஒரு தடவைகூட மேலே கிளம்பாமல் திரும்பும் இளைஞனுக்கு அன்றைய சம்பாத்தியம் ஒன்றுமில்லை. தொழிலில் நுழைய வேறு வழியில்லாத பலர் ஒரே வாசலில் நெருக்கியடித்து நிற்கும்போது கூலி எப்படி உயரும்? நம் நாட்டில் அனுபவமுள்ள பயிற்றுநர்களுக்குத் தட்டுப்பாடு இருப்பதால், தலைமைப் பயிற்றுநர் நிலைக்கு வந்தவர்கள் கௌரவமாகவே வாழ்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலை பல வருஷ உழைப்பினால் வருவது; முதல் வருஷத்து உதவிப் பயிற்றுநருக்கு அதைக் காட்டி ஆசை மூட்டுவது அநியாயம்.

கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்பதும் அப்படியே. 2007 டிசம்பரில் அமெரிக்க விமானிகளின் ஓய்வு வயது 60லிருந்து 65 ஆக உயர்ந்ததும், காலியாக வேண்டிய இடங்கள் காலியாகவில்லை. இங்கே 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட் என்று ஒவ்வொன்றாகச் சிறகு மடக்கியபோது, ஆயிரக்கணக்கான மணி அனுபவமுள்ளவர்களே வேலை தேடி அலைந்தார்கள். 2020இன் கொள்ளைநோயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உத்தியோகம் எந்த மாதத்தில் கிடைக்கும் என்பது லாக் புக்கைப் பார்த்துத் தீர்மானமாவதில்லை.

மற்ற சில தப்பெண்ணங்களுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கண்ணாடி போட்டவர் விமானியாக முடியாது என்பது தவறு. வரம்புக்குள் பார்வை திருந்தினால் போதும். ஏர்லைனில் இடம் கிடைக்காதவரே ஆசிரியராகிறார் என்பது, அந்தத் தொழிலையே விரும்பி ஏற்று முடி நரைத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

கற்பித்தலுக்கு உரிய மதிப்புத் தரப்படுவதில்லை என்று எனக்கு நெடுநாளாய் ஒரு மனக்குறை உண்டு. 1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் என்னும் ஊரில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி விமானப் பயிற்சிப் பள்ளியைச் சீர்திருத்தியபோது, போர்முனைக்குத் தகுதியற்றவர்களைப் பிடித்து ஆசிரியராக்கும் வழக்கத்தை ஒழித்து, கற்பித்தலைத் தனிச் சாஸ்திரமாக வகுத்தார். பறக்கும்போதே மாணவனோடு பேச ஒரு குழாயை அமைத்து, ஆபத்தான நிலைகளிலிருந்து தப்பிக்க வேண்டுமானால் அவற்றின் காரணத்தை அறிந்து, வேண்டுமென்றே அவற்றில் புகுந்து மீள வேண்டும் என்று பழக்கினார். ஸ்டாலில் கோலை எந்தப் பக்கம் தள்ளுவது, ஏன் தள்ளுவது என்பது எஞ்சின் ஓடாத நேரத்தில், கரும்பலகையின் முன்னால் நடக்கும் அரைமணிப் பாடத்தில்தான் முதலில் விளங்க வேண்டும். அந்த அரைமணி நேரத்துக்குக் கூலி கிடையாது என்று சொல்லும் பள்ளி, அந்த அரைமணியையே அவசியமற்றதாக்கிவிடுகிறது. கூலியில்லாத உழைப்பை எத்தனை நாள் ஒருவன் சிரத்தையோடு செய்வான்? தரைவகுப்புக்கும், பறப்பதற்கு முன்னும் பின்னும் நடக்கும் விளக்கத்துக்கும் முழு வேதனம் தரும்படி டிஜிசிஏ பள்ளிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். விமானப் பாதுகாப்புக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

கற்பிப்பதில் உண்மையான நாட்டமுள்ள இளைஞர்கள் தாராளமாக இந்தத் தொழிலுக்கு வரட்டும். வருமுன், மாதத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு, தரைவகுப்புக்குக் கூலி உண்டா, பள்ளியின் விமானங்களில் பறக்கத் தகுதியான நிலையில் இருப்பவை எத்தனை, கடந்த வருஷம் அங்கிருந்த பயிற்றுநர்கள் மாதம் சராசரியாக எத்தனை மணி பறந்தார்கள் என்ற நான்கு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். எழுத்தில் தர மறுக்கும் இடத்தில் கையெழுத்திடாதீர்கள்.